பெட்டிக்குள் வைத்த முகம்

இது கட்டிவிட்ட கதை இல்லை. போன வைகாசியில் அரியலூரில் நடந்தது. பேய் என்றாலே சிரிக்கிற என் சிநேகிதி ஜெயசித்ராவுக்குப் போய் இது நடந்ததே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவள் பிளக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஆதார், பட்டா, குடும்பப் படம் என்று ஆயிரம் பேருடைய சங்கதி அவள் கணினியில் கிடக்கிறது. அது திருட்டுப் போனால் அத்தனை பேரும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். அதனால் ஓசியில் வந்த எந்த மென்பொருளையும் அவள் நேரே ஏற்ற மாட்டாள். கணினிக்குள்ளேயே விர்ச்சுவல் மெஷின் என்று ஒரு பொய்க் கணினி வைத்திருக்கிறாள். அதற்கு இணையமும் கிடையாது, வெளியே வர வழியும் கிடையாது. புதியதை அதற்குள் அடைத்து ஓட்டிப் பார்ப்பாள். கோளாறு என்றால் மெஷினையே அழித்துவிடுவாள்.

அன்று ஸ்டூடியோக்காரர் கலைச்செல்வன் ஒரு பென் டிரைவ் கொடுத்துவிட்டுப் போனார். மங்கிய படத்தைத் தெளிவாக்கும் மென்பொருளாம். நல்ல உச்சி வெயில். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

சோதிக்க ஒரு முகம் வேண்டுமே! வாடிக்கையாளர் படத்தை உள்ளே விட மனம் வரவில்லை. செத்தவர்களின் தலையை வேறு உடம்பில் ஒட்டி, பட்டு உடுத்தி, கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்துப் பழகிய கை. ஒருத்தியின் கண், இன்னொருத்தியின் மூக்கு, வேறொருத்தியின் வாய் என்று ஒட்டினாள். மயில்பச்சைப் பட்டு உடுத்தினாள். உலகத்திலேயே இல்லாத ஒரு கிழவி தயார். படத்தை மங்கலாக்கி உள்ளே போட்டாள்.

மென்பொருள் ஓடியது. முகம் தெளிந்தது. இடது கன்னத்தில் ஒரு தழும்பு இருந்தது.

அதை அவள் வைக்கவில்லை.

படத்தை அழித்தாள். மெஷினைப் பழைய நிலைக்குத் திருப்பி, மறுபடி திறந்தாள்.

கிழவி அங்கேயே இருந்தாள். நெற்றியில் வியர்வை...

வெளியே ஒரு சிமெண்ட் லாரி போனது. அந்த இரைச்சல் அடங்கியதும் கேட்டது... கர்ர்... கர்ர்... மூச்சு இழுக்கும் சத்தம். ஸ்பீக்கர் வயர் மேசைக்கடியில் கழன்று கிடந்தது.

கிழவியின் உதடு அசைந்தது.

"கண்ணு... கொஞ்சம் தொறந்து வுடும்மா. மூச்சு முட்டுது."

திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. வெளிக் கணினிக்கு வழி திறக்கலாமா?

அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் வெளிக் கணினியில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்...

"கண்ணு..."

அழித்தாள். மெஷினோடு.

சத்தம் நின்றது. மணி பன்னிரண்டு நாற்பது.

மறுநாள் காலை ஆலத்தியூரிலிருந்து செல்லதுரை என்பவர் வந்தார். அவர் அம்மா இறந்துவிட்டாராம், பேனர் வேண்டுமாம். போனில் இருந்த படத்தை நீட்டினார். அதே முகம். இடது கன்னத்தில் அதே தழும்பு.

எப்போது என்று மட்டும் கேட்டாள். நேற்று மதியம், ஒரு மணி ஆக இருபது நிமிஷம் இருக்கும்போது என்றார். மூச்சு முட்டியே போய்விட்டதாம்.

படத்துக்கு என்ன புடவை உடுத்த என்று அவள் கேட்கும் முன்பே அவரே சொன்னார்.

"பச்சைப் பட்டா போட்டுக் குடுங்கம்மா. அம்மா பட்டே கட்டுனதில்ல. ஆனா உசுரு போறப்ப அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. யாரோ ஒரு பொண்ணு பச்சைப் பட்டு கட்டிவுட்டு, உள்ள வச்சு சாத்திட்டாளாம். கெஞ்சிப் பாத்தும் தொறக்கலியாம்."