டம்ப்பில் இல்லாத காலி வரிசை

அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்பதை டீக்கடையில்தான் கேள்விப்பட்டேன். எங்கள் மேனேஜர் அங்கே நின்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் எனக்கு சர்வர் அறை வேலை. பத்தாவதோடு பள்ளியை விட்டவன். முதலில் யார்டில் கண்டெய்னர் பெட்டிகளின் எண் எழுதினேன். அக்கா வாசல் கேட்டில் லாரிகளைப் பதிவு செய்பவர். கூடப் பிறக்கவில்லை, ஆனால் அக்காதான். கேட் சாஃப்ட்வேர் அடிக்கடி செத்துப்போய் லாரிகள் சாலையில் தேங்கின. அக்கா பாட்டுக் கேட்கப் பென் டிரைவ் சொருகியதால்தான் இப்படி என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார்.

"அக்கா சொருகுனத நீங்க பாத்தீங்களா சார்?"

"நீ இல்லைங்கிறதக் காட்டு. திங்கக்கிழமை வேற ஆள் வாரான்."

கேட் சாஃப்ட்வேர் ஓடுவது தனிக் கம்ப்யூட்டரில் அல்ல. சர்வருக்குள் மென்பொருளாலேயே கட்டிய இன்னொரு கம்ப்யூட்டரில். அது சாகும்போது அதன் மெமரியை சர்வர் ஒரு கோப்பாகக் கொட்டி வைக்கும். டம்ப் என்போம். செத்தது எதனால் என்பது அதற்குள் இருக்கும். ஆனால் உள்ளே இருந்த கர்னல், அதாவது அந்தக் கம்ப்யூட்டரை நடத்தும் அடிப்படை மென்பொருள், சொல்லும் முகவரி வேறு, கோப்பில் அந்த விஷயம் கிடக்கும் இடம் வேறு. ஒன்றை மற்றதாக மாற்றித்தான் படிக்க வேண்டும். மாற்றினால் பாதி ஒழுங்காக வந்தது, பாதி குப்பை.

டம்ப்பைக் காப்பி எடுக்கும்போது நானே கெடுத்துவிட்டேனோ என்று பயம். மறுபடி எடுத்தேன். அதே குப்பை. சாஃப்ட்வேர் விற்ற சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"டம்ப் கரப்ட் சார், ஃபைலே கெட்டிருக்கு. உங்க கம்ப்ளைண்ட் டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிடவா?"

"பாதி எப்படிங்க சரியா வருது?"

"அப்போ பாதி கரப்ட் சார். க்ளோஸ் பண்ணிடவா?"

போனை மேசையில் அறைந்தேன். பிறகு கண்ணாடி உடைந்ததா என்று தடவிப் பார்த்தேன். அந்தப் பயமும் விடவில்லை.

கோபத்தோடுதான் டம்ப்பை மேலிருந்து வாசித்தேன். அந்த மெஷின் ஸ்டார்ட் ஆனபோது தன் மெமரி எதுவரை, எங்கே இடைவெளி என்று தானே எழுதி வைத்திருந்தது. நடுவில் ஒரு பெரிய துண்டு நெட்வொர்க் கார்டு போன்ற கருவிகளுக்காக ஒதுக்கியது. முகவரி உண்டு, மெமரி கிடையாது.

எங்கள் யார்டில் ஜெனரேட்டர் ஷெட் இருக்கும் இடத்துக்கும் வரிசை எண் உண்டு, பெட்டி கிடையாது. புதிதாக வருகிறவன் தரையில் எழுதிய எண்ணைப் பார்க்காமல் பெட்டிகளை எண்ணிக்கொண்டே போவான். ஷெட்டுக்கு உரிய எண்களைக் கழிக்காததால், அதைத் தாண்டியதும் தப்பான பெட்டிக்கு முன்னால் நிற்பான். நானும் நின்று ஏச்சு வாங்கியிருக்கிறேன். இங்கே டம்ப்பைப் படிக்கும் மென்பொருள் அதையேதான் செய்திருந்தது. கோப்பில் அந்தக் காலித் துண்டு இல்லை. அதைக் கழிக்காமல் முகவரியை அப்படியே எண்ணிக்கொண்டு போயிருக்கிறது.

இடைவெளிக்கு மேலே உள்ள முகவரிகளிலிருந்து அந்த அளவைக் கழித்தேன். குப்பை எல்லாம் எழுத்தாயிற்று. கர்னல் செத்தது லாரிகளை எடைபோடும் எடைமேடைக் கருவியை இயக்கும் மென்பொருளுக்குள். மேனேஜர் அவசரப்படுத்திப் போடச் சொன்னதே அதுதான்; பென் டிரைவுக்கு இதில் பங்கே இல்லை.

பிரிண்ட் எடுத்து மேனேஜர் முன்னால் வைத்தேன். "சரி, சரி. வரச் சொல்லு" என்றார், தலையைத் தூக்காமல். ஒரு குடும்பத்தின் சோற்றில் கை வைத்தவர் பேசுகிற பேச்சா இது?

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஏலே, டீக்கடையில வச்சுத்தானே என்னச் சொன்னாரு? அங்கன வந்தே சொல்லட்டும். இல்லன்னா நான் வரல."

அதை அப்படியே அவரிடம் சொன்னேன். கேட்டில் பதிவு செய்ய ஆள் இல்லாமல் வெளியே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவர் எழுந்து டீக்கடைக்கு நடந்தார்.

டீக்கடையில் அக்கா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். மேனேஜர் ஒரு டீ வாங்கி, அந்தக் கிளாஸைப் பார்த்தே முணுமுணுத்தார். "பென் டிரைவ் இல்லையாம்."

"என்னது சார்? ஹாரன் சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்றார் அக்கா.

லாரிக்காரர்கள் எல்லாரும் திரும்பினார்கள். மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "பென் டிரைவ் இல்ல. உம்மேல தப்பு இல்ல" என்றார் உரக்க.

அக்கா எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, கேட்டைப் பார்த்து நடந்தார். "டீ ஆறுது சார், குடிங்க."