பூட்டு திறத்தல் ஐந்து

எனக்கு நாணயம் சைபர் என்று தாளில் எழுதி, அதை நாலு பேர் முன்னால் வாசித்தும் காட்டியவன் சாமிதுரை. அவனைப் பற்றி நல்லதாக எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் என் பெருந்தன்மையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெட்டிபாளையத்தில் ஒரு சிமெண்டு ஆலையின் கெஸ்ட் ஹவுஸில் அவனுக்கு வேலை. சமையலும் அவன்தான், பரிமாறுவதும் அவன்தான், தட்டு கழுவுவதும் அவன்தான். நான் அதே ஆலையில் லாரி எடை மேடை கிளார்க், பெயர் சிங்காரவேலு. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்பதால் அவனுக்கு அண்ணன் ஸ்தானத்தில் இருந்தேன். இருந்து என்ன கண்டேன், சைபர்தான்.

ஆள் சுத்தம், வேலை சுத்தம், கை மணம் கேட்கவே வேண்டாம். ஆனால் வாய் மட்டும் கிடையாது. புது ஆள் யாராவது முன்னால் உட்கார்ந்துவிட்டால் பயலுக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். முப்பத்து மூன்று வயதுக்குள் எட்டு இடத்தில் பெண் பார்த்தாயிற்று. எட்டு இடத்திலும் பிடித்து வைத்த பிள்ளையாராக உட்கார்ந்துவிட்டு வந்தான். உடையார்பாளையத்தில் பெண்ணின் மாமன் என்னைத் தனியே கூப்பிட்டு, "மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமாங்க?" என்றே கேட்டுவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவர் மேல் அல்ல, இவன் மேல்.

எண்பத்து நாலில் ஆலைக்குப் புதுச் சூளை பொருத்த வெள்ளைக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். ஐந்தாறு மாதம் கெஸ்ட் ஹவுஸில்தான் ஜாகை. சாயங்காலமானால் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடுவார்கள். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவன் கதை சொல்வான். மற்ற இரண்டு பேரும் அந்தக் கதைக்குள் வேறு ஆளாக மாறிவிடுவார்கள், ஒருவன் வீரன், ஒருவன் திருடன் என்று. அந்த ஆளுக்கு என்னென்ன வரும், எவ்வளவு வரும் என்று தாளில் எண் போட்டு வைத்திருப்பார்கள். செய்ய நினைத்த காரியம் நடக்குமா என்பதைப் பல முகம் உள்ள கட்டைகளை உருட்டித் தெரிந்துகொள்வார்கள். டீ ஊற்றப் போகிறேன் என்று போய் நின்று நின்றே சாமிதுரை முழு ஆட்டத்தையும் கற்றுக்கொண்டான்.

"இங்கிலீஷு எப்படிடா புரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"பாதி புரிஞ்சுதுண்ணே. மீதியை நானே போட்டுக்கிட்டேன்."

வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போனதும் ஆட்டம் எங்களிடம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லாரி ஓடாது. எடை மேடை ஷெட்டில் நான், லாரி டிரைவர் அய்யம்பெருமாள், கெஸ்ட் ஹவுஸைக் கூட்டிப் பெருக்கும் உண்ணாமலை, மூன்று பேரும் உட்காருவோம். கதை சொல்பவன் சாமிதுரை. கட்டைக்குப் பதில் ஆறு புளியங்கொட்டை, ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கியது. குலுக்கிப் போட்டால் எத்தனை வெள்ளை விழுகிறதோ அதோடு நம் தாளில் உள்ள எண்ணைக் கூட்ட வேண்டும். சாமிதுரை கேட்ட எண் வந்துவிட்டால் காரியம் ஜெயம். வராவிட்டால் கோவிந்தா.

அய்யம்பெருமாள் வைத்தியரானான். உண்ணாமலை, "எனக்கு ராசாதான் வேணும். தொடப்பத்தைப் புடிச்சுப் புடிச்சுக் கை காச்சுப்போச்சு, ஞாயித்துக்கெழமையாவது கத்தியப் புடிக்கிறேன்" என்றாள். எனக்கு? திருடன்! "ஏன்டா, வேற ஆளே இல்லையா?" என்றால், "உங்களுக்குத்தான்ணே பொருத்தமா இருக்கு" என்கிறான். பெயர் இருளாண்டி. பூட்டு திறத்தல் ஐந்து, பொய் சொல்லுதல் ஆறு, ஓடுதல் ஐந்து, சண்டை ஒன்று, நாணயம் சைபர். உண்ணாமலை சிரித்த சிரிப்பில் ஷெட்டுக் கூரையில் இருந்த புறா பறந்துவிட்டது.

ஒரு சட்டம் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. ஒரு திறமையில் தோற்றால் அதன் பக்கத்தில் ஒரு கோடு போடுவான். எட்டுக் கோடு சேர்ந்தால் அந்தத் திறமையில் ஓர் எண் ஏறும். ஜெயித்தால் ஒன்றும் ஏறாது. "இது என்னடா கூத்து, ஜெயிச்சவனுக்கு ஒண்ணுமில்லையா?" என்று சண்டை போட்டேன். "அவருக்குத்தான் தெரிஞ்சு போச்சேண்ணே. தோத்தவருதானே கத்துக்கிறாரு" என்றான். வெள்ளைக்காரன் சட்டமா இவனே போட்டுக்கொண்ட மீதியா, யாருக்குத் தெரியும்.

ஆனால் கதை சொல்ல ஆரம்பித்தால் அவனைப் பார்க்க வேண்டுமே! அந்த வாயில்லாப் பூச்சியா இது என்றிருக்கும். கதை நடக்கிற இடம் எங்கள் பக்கத்து ரஞ்சன்குடிக் கோட்டை. "கோட்டைக் கதவு சாத்திக் கெடக்கு. உள்ள யாரோ அரிசி பொடைக்கிற சத்தம் கேக்குது. என்ன செய்யப் போறீங்க?" என்பான். எங்களுக்கு முதுகு சில்லிடும். ஒவ்வொரு கட்டத்திலும் அதே கேள்விதான், "என்ன செய்யப் போறீங்க?" அதைக் கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நம் முகத்தைப் பார்ப்பான்.

வினை உண்ணாமலை ரூபத்தில் வந்தது. அவளுடைய ராசா மூன்று வாரம் தொடர்ந்து அகழியில் விழுந்தார். நாலாவது வாரம் தன் தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டு வந்தாள். "மஞ்ச படாத தாளு வெளங்குமா சாரு?" என்றாள். அன்றைக்கு ராசா அகழியைத் தாண்டிவிட்டார். அப்புறம் நானும் என் தாளில் தடவி எடை மேடை டிராயரில் வைத்துக்கொண்டேன், அய்யம்பெருமாளும் தடவினான். சிரிக்காதீர்கள், எனக்கு அன்றே இரண்டு பூட்டு திறந்தது.

மறு வருஷம் தை மாதம் ஒன்பதாவது இடம் தகைந்தது. பெரம்பலூரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கும் ராசாங்கத்தின் மகள் கண்ணகி. வீட்டோடு தையல் தைக்கிற பெண், இருபத்தாறு வயது. வரும்போது கையோடு ஜாதகக் குறிப்பையும் கொண்டுவந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சாமிதுரை அதை இரண்டு நாள் முன்பே என்னிடம் கொடுத்து, "இதுவும் கூடலேன்னா இனிமே போறதா இல்லண்ணே. காலம் பூரா தட்டு கழுவிக்கிட்டு ஒண்டியாவே கெடந்துடுறேன்" என்றான். பயல் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

குறிப்பை எடை மேடை டிராயரில் பத்திரமாக வைத்தேன். காலையில் பஸ் ஆரன் அடிக்கிறது, உண்ணாமலை தாம்பூலத் தட்டோடு வாசலில் நின்று கத்துகிறாள். டிராயரைத் திறந்தேன். நாலாக மடித்த தாள், நாலு மூலையும் மஞ்சள். எடுத்து ஜேப்பில் போட்டுக்கொண்டு ஓடினேன். பிரித்துப் பார்க்க வேண்டாமா என்பீர்கள். பஸ் நிற்குமா ஐயா?

ராசாங்கம் வீட்டில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். பஜ்ஜி வந்தது, கேசரி வந்தது. சாமிதுரை வழக்கம்போலப் பிள்ளையார். ராசாங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குறிப்பைப் பிரித்து உரக்க வாசித்தார்.

"பேரு இருளாண்டி. தொழில் களவு." நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "பூட்டு தெறத்தல் அஞ்சு. பொய் சொல்லுதல் ஆறு. ஓடுதல் அஞ்சு. நாணயம்…" என்று இழுத்து, என்னைப் பார்த்தார். "நாணயம் சைபராங்க?"

எனக்குக் குப்பென்று வேர்த்துவிட்டது. ஆனாலும் பொய் சொல்லுதல் ஆறு இல்லையா, வாயைத் திறந்தேன். "அது வந்துங்க, எங்க பக்கத்து ஜோசியரு ஒரு மாதிரி புது முறையில கணிக்கிறவரு. களவுன்னா, மனசைக் களவாடுறதுன்னு…"

"அய்ய, அது இந்த சாரோட தாளுங்க!" என்று உண்ணாமலை பட்டென்று போட்டு உடைத்தாள். "இவருதாங்க திருடன். மாப்ள தங்கமான புள்ள. நான் ராசா."

ராசாங்கம் எழுந்து நின்றுவிட்டார். "தம்பி, பொண்ணு பாக்க வந்தீங்களா, எங்களை வச்சு வெளையாட வந்தீங்களா?"

ஆட்டம் க்ளோஸ் என்று நினைத்தேன். சாமிதுரை தலை குனிந்து பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது சிவந்துபோயிருந்தது. ஒரே மடத்தனத்தில் அந்தப் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று என்னையே நாலு அறை அறையலாம் போலிருந்தது.

அந்த நேரத்தில்தான் காபித் தம்ளர்களோடு கண்ணகி வந்தாள். தட்டைக் கீழே வைத்தாள். அப்பா கையிலிருந்த தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தாள். பல் கொஞ்சம் தூக்கல். சிரித்தபோது அது நன்றாகவே இருந்தது.

"இது என்ன வெளையாட்டுங்க?" என்று நேராகச் சாமிதுரையைக் கேட்டாள்.

நான் ஆரம்பித்தேன். "நீங்க இல்ல" என்று என்னை அடக்கிவிட்டாள்.

சாமிதுரை சட்டைப்பையிலிருந்து ஆறு புளியங்கொட்டையையும் எடுத்துப் பாயில் வைத்தான். கண்ணை மூடித் திறந்தான். பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமைக் குரல் வந்தது. "நீங்கதான் இருளாண்டி. ரஞ்சன்குடிக் கோட்டை வாசல்ல நிக்கிறீங்க. கதவுல யானைத் தலை மாதிரி ஒரு பூட்டு. உள்ள யாரோ உங்க பேரச் சொல்லிக் கூப்புடுறாங்க. தெரிஞ்ச கொரலு மாதிரி இருக்கு. என்ன செய்யப் போறீங்க?"

ராசாங்கம் நின்றபடியே, "யாரு கூப்புடுறா?" என்றார்.

"பூட்டைத் தெறக்கிறேன்" என்றாள் கண்ணகி. ஏழு வேண்டும் என்றான் சாமிதுரை. அவள் தாளில் ஐந்து இருக்கிறது, இரண்டு வெள்ளை விழுந்தால் போதும். குலுக்கிப் போட்டாள். ஒன்றே ஒன்றுதான் விழுந்தது.

"தெறக்கல" என்று சொல்லித் தாளில் ஒரு கோடு போட்டான்.

"அது எதுக்கு?"

"தோத்தா ஒரு கோடுங்க. எட்டுக் கோடு சேந்தா ஒரு நம்பரு ஏறும்."

"ஜெயிச்சா?"

"ஒண்ணும் ஏறாதுங்க."

அவள் கொட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டாள். "இதுக்கு முன்னாடி எத்தனை வூட்டுல பொண்ணு பாத்தீங்க?"

"இதுதாங்க மொத எடம்!" என்றேன் நான். வேறு என்ன சொல்வது?

"எட்டுங்க" என்றான் சாமிதுரை. "எட்டு வூட்டுலயும் வேணாம்னுட்டாங்க."

பாவி, கெடுத்தான் காரியத்தை. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"அப்ப உங்களுக்கு ஒரு நம்பரு ஏறியிருக்கணுமே" என்றாள் கண்ணகி. "எனக்கு இதுவரைக்கும் ஆறு கோடுதான். எட்டு வரைக்கும் போறதுக்கு எனக்குப் பொறுமை இல்லீங்க." கொட்டைகளைப் பொத்திய கையை மடியில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். "இப்ப நீங்க சொல்லுங்க. என்ன செய்யப் போறீங்க?"

இத்தனை மாதமாக எங்கள் எல்லோரையும் அவன் கேட்ட கேள்வி. அவனை யாரும் கேட்டதில்லை. கை தானாகக் கொட்டையைத் தேடிப் பாயைத் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை. அண்ணன் நான் இருக்கிறேன், உண்ணாமலை இருக்கிறாள், எங்கள் பக்கம் அவன் திரும்பவே இல்லை. எழுந்து ராசாங்கத்தின் முன்னால் போய் நின்றான்.

"நான் தட்டு கழுவுற வேலையும் பாக்கிறேங்க. நல்லா சமைப்பேன். பேச்சுதான் வராது, அதுவும் இப்பத்தான் ஒரு நம்பரு ஏறியிருக்கு. உங்க பொண்ணை எனக்குக் கட்டிக் குடுப்பீங்களா?"

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உண்ணாமலை மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள். ராசாங்கம் மகளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், என்னை மட்டும் முறைத்தார். பிறகு பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும். உக்காருங்க மாப்ள" என்றார். "உள்ளேருந்து யாரு கூப்புட்டது, அதச் சொல்லுங்க மொதல்ல."