செக்கிங் மாமாவின் சொந்த வீடு

தன் வீட்டு அழைப்பு மணியைத் தானே அழுத்திவிட்டு, செருப்பைக் கழற்றாமல் வாசலில் நிற்கிறார் செக்கிங் மாமா. காதில் பென்சில், கையில் டார்ச். சாவி சட்டைப்பையில்தான் இருக்கிறது. ஆனாலும் அத்தை வந்து கதவைத் திறக்கும்வரை காத்திருக்கிறார்.

"யாரு?"

"வீடு பாக்க வந்திருக்கேன், மேடம்."

"இப்பதான வெளிய போனீங்க?"

"அது உங்க வீட்டுக்காரர். நான் இன்ஜினியர்."

மூன்று வாரமாகத் தினமும் காலையில் இதுதான் நடக்கிறது. வீட்டை விற்கப்போகிறார்கள். வாங்க நினைப்பவர்கள் முதலில் ஒரு இன்ஜினியரை அனுப்புவார்கள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்து, குழாயைத் திறந்து மூடி, அறிக்கை எழுதிக் கொடுப்பார். போன தடவை வந்தவர் 'படுக்கையறைச் சுவரில் ஓதம்' என்று ஒரே வரி எழுதினார். வாங்க வந்தவர்கள் அதன்பிறகு போனையே எடுக்கவில்லை. இந்தத் தடவை இன்ஜினியருக்கு முன்னால் தானே இன்ஜினியராக வந்துவிடுவது என்று மாமா முடிவு செய்தார்.

முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்கு அந்தப் பெயர்தான். டிக்கெட் இல்லாத ஆளைக் கண்டுபிடித்தால் சத்தம் போடமாட்டாராம். பக்கத்தில் போய் நின்று, சீட்டுக் கம்பியில் பென்சிலால் இரண்டு தட்டு. ஆள் தானாக எழுந்துவிடுவான். ஒருமுறை தன் தங்கை கணவருக்கே அப்படித் தட்டி, நடுவழியில் இறக்கிவிட்டார். அவர் அன்று போய்க்கொண்டிருந்தது மாமா வீட்டு விருந்துக்கு. "லேட்டா வந்தாரு. ஆனா வந்தாரு," என்கிறார் மாமா.

வீட்டிலும் அந்தப் பென்சில்தான் பேசுகிறது. சொட்டும் குழாயில் இரண்டு தட்டு. தூக்கிப் பிடித்தால்தான் திறக்கும் குளியலறைக் கதவில் இரண்டு தட்டு.

"மேடம், இந்தக் குழாய் எவ்ளோ நாளா சொட்டுது?"

"ரெண்டு வருஷமா வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டிருக்கேன், சார்."

"என்ன சொன்னாரு?"

"நாளைக்குன்னாரு."

மாமா அதைக் குறித்துக்கொள்வார். பிறகு வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டுக்காரராக உள்ளே வந்து, குறித்ததைப் படிப்பார். "ரொம்பக் கறாரான ஆளா இருக்கான்," என்று முணுமுணுத்துக்கொண்டே வாஷர் வாங்கக் கிளம்புவார்.

இப்படியே குழாய் சொட்டுவது நின்றது. கதவு நேரானது. நேரானது தெரியாமல் அத்தை பழக்கத்தில் தூக்கித் திறக்க, கதவு கையோடு வந்துவிடப் பார்த்தது. ஹாலில் எதற்கென்றே தெரியாத ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. மாமா போட்டுப் பார்த்தார், அணைத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. 'உரிமையாளருக்கே தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டார்.

ஓதம் மட்டும் போகவில்லை. சுவருக்குள் ஓடும் குழாயை மாற்றி, பூசி, வண்ணமும் அடித்தார். ஒரு வாரம் சுவர் நல்லபிள்ளையாக இருந்தது. பிறகு உள்ளங்கை அளவு ஈரக்கறை அதே இடத்தில் திரும்பி வந்தது.

கீழே கடை, மேலே வீடு. பதினேழு படி. அத்தைக்கு முழங்கால் போய்விட்டது. மகள் இருக்கும் தெருவில் படியே இல்லாத ஒரு சின்ன வீட்டைப் பேசி வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைவரைதான் பொறுப்பேன் என்று அதன் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். அத்தை பத்தாவது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகுதான் மேலே ஏறுவார். அதற்காக அந்தப் படியில் ஒரு தலையணை கிடக்கிறது. இன்ஜினியராக வரும் மாமா எல்லாவற்றையும் பற்றிக் கேள்வி கேட்பார். அந்தத் தலையணையை மட்டும் மெதுவாகத் தாண்டிப் போவார்.

நிஜ இன்ஜினியர் வருவதற்கு முதல் நாள், ஜன்னல் திரைகளுக்கு மடிப்புத் தைக்க எதிர்வீட்டிலிருந்து என்னை அத்தை கூப்பிட்டார். மாமா கடைக்குப் போயிருந்தார். "இத கொஞ்சம் பிடிச்சுத் தள்ளும்மா," என்றார் அத்தை. இரும்பு பீரோவை இருவருமாக ஓதத்துக்கு முன்னால் தள்ளி வைத்தோம்.

மாமா வந்தார். பார்த்தார். பென்சிலை எடுத்தார். அத்தை அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, ஊரையெல்லாம் பிடிச்சது போதும். நாளைக்கு நீங்க வாயே தொறக்கக் கூடாது. என் முட்டி மேல சத்தியம்."

மாமா முழங்காலைப் பார்த்தார். பீரோவைப் பார்த்தார்.

"வாயத் தொறக்கமாட்டேன்," என்றார்.

மறுநாள் வந்த இன்ஜினியர் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அதுவே மாமாவுக்குப் பிடிக்கவில்லை. குழாயை ஒருமுறை திறந்து மூடினார். குளியலறைக் கதவைத் தொடவில்லை. அந்த ஸ்விட்சைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாதி பஸ்ஸைச் சோதித்துவிட்டு இறங்கிப் போகிற புது ஆளைப் பார்ப்பது போல, உதட்டை இறுக்கிக்கொண்டு மாமா பின்னாலேயே நடந்தார்.

படுக்கையறையில், "பீரோ நகருமா?" என்று கேட்டார் இன்ஜினியர்.

"உள்ள பூரா துணி, தம்பி. ரெண்டு பேர் தள்ளினாலும் அசையாது," என்றார் அத்தை. மிச்சம் தைக்க வந்திருந்த நான் கையில் இருந்த திரையின் மடிப்பைப் பார்த்துக்கொண்டேன்.

"பரவால்லம்மா. வீட்ட நல்லா வெச்சிருக்கீங்க." அவர் நோட்டை மூடினார்.

அத்தை கட்டில் விளிம்பில் மெல்ல உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்கால்கள் மேல் வைத்துக்கொண்டார்.

இன்ஜினியர் வாசல் பக்கம் திரும்பினார். மாமா சொன்ன சொல் மாறாதவர். வாயைத் திறக்கவில்லை. பீரோவின் அருகில் போய் நின்று, காதிலிருந்து பென்சிலை எடுத்து, அதன் பக்கத் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.