பிளேன் வரும்வரை நின்ற பஸ்

கையைச் சுடும் சோளச் சூப் பேணி… கண்ணை மூடினால் முதலில் அதுதான் வருகிறது.

ஜப்பானில் அந்தச் சின்ன எயார்போர்ட் வாசலில் ஒரு மெஷின் நின்றது. காசு போட்டால் தகரப் பேணி சூடாகவே வந்து விழும். குடிக்கமுதல் இரண்டு கன்னத்திலும் மாறி மாறி வைத்துக்கொள்வேன். கடைசிச் சோள மணிகள் அடியில் ஒட்டிக்கொண்டு வரவே வராது. கவிழ்த்து, தட்டி, அம்மாவிடம் பேச்சு வாங்கி…

சின்ன வகுப்பில் நான் இரண்டு வருஷம் நம் தமிழ்ப் பள்ளிக்கு வராமல் இருந்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். அப்போது அங்கேதான் இருந்தோம். அப்பாவின் கம்பெனி மின்நிலையங்களுக்கு மெஷின் பொருத்திக் கொடுப்பது. கடலோரம் இருந்த ஒரு ஊருக்கு அவரை அனுப்பினார்கள். இங்கே சுவிஸில் பாடன் நகர வீட்டைப் பூட்டிவிட்டு நாங்களும் போனோம்.

வேலைக்காக அப்பா அடிக்கடி டோக்கியோவுக்குப் பறப்பார். அவர் திரும்பும் நாளில் நானும் அம்மாவும் பஸ் ஏறி எயார்போர்ட்டுக்குப் போவோம். வயல்கள், பிறகு பைன் மரங்கள், பிறகு திடீரென்று கடல். நாங்கள் போகாவிட்டாலும் அப்பா வந்துவிடுவார்தான். ஆனால் அம்மா விடமாட்டா.

"வாற மனுசனுக்கு வாசல்ல ஒரு முகம் தெரிய வேண்டாமோ?"

அந்த ஊரில் பனிமூட்டம் அதிகம். அப்படியான நாட்களில் பிளேன் ஒரு நிபந்தனையோடு கிளம்பும். அதாவது, வரும்… ஆனால் இறங்க முடியாவிட்டால் டோக்கியோவுக்கே திரும்பிப் போய்விடும். கிளம்பும்போதே அதை அறிவித்துவிடுவார்கள்.

ஒரு நாள் அப்படித்தான். கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை. கடைசிப் பிளேன். வாசலில் கடைசி பஸ், எஞ்சின் உறுமிக்கொண்டு. அதை ஓட்டுவது வெள்ளைக் கையுறை போட்ட ஒரு அக்கா.

அம்மாவுக்கு ஜப்பான் மொழி தெரியாது. பள்ளிக்கூடத்தில் பிடித்துக்கொண்டதால் நான்தான் வீட்டு மொழிபெயர்ப்பாளர்.

"கேள் பிள்ளை, எப்ப வெளிக்கிடுவா எண்டு. இதையும் விட்டால் நடந்தோ போறது?"

கேட்டேன். அந்த அக்கா குனிந்து, என் கண்ணைப் பார்த்துச் சொன்னா: "பிளேன் வந்தால், வந்தவர்களோடு போவோம். வராவிட்டால், வராது என்று தெரிந்த பிறகு போவோம்."

அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தா.

"உன்ர அப்பாவுக்கு ஒரு பஸ் காத்து நிக்குது. பெரிய மந்திரி எண்டு நினைப்பு."

தலைக்கு மேலே சத்தம் வந்தது. எல்லோரும் கூரையைப் பார்த்தோம். சத்தம் தூரப் போய்விட்டது… அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தா. பேணியின் சூடு எப்போதோ போய்விட்டிருந்தது. மறுபடி சத்தம். இந்த முறை நிலம் லேசாக அதிர்ந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா. ஒரு கையில் பை, மறு கையில் வாழைப்பழக் கேக் பெட்டி.

"என்ன, ரெண்டு பேரும் பயந்திட்டியளோ?"

"ஆர் பயந்தது? சோறு ஆறுது எண்டுதான் யோசிச்சனான்" என்றா அம்மா. அந்தச் சோற்றுக்காரி பஸ் கிளம்பமுதலே அப்பாவின் தோளில் நித்திரை.

அதற்குப் பிறகு அம்மா அப்படி நித்திரை கொண்டு நான் பார்க்கவில்லை.

நாங்கள் ஒரேயடியாகத் திரும்பி வந்த நாளில், பிளேனுக்குச் சாமான் ஏற்றியவர்கள் வரிசையாக நின்று கையசைத்தார்கள். பிளேன் ஓடுபாதைக்குத் திரும்பும்வரை அசைத்தார்கள். அப்பாவும் ஜன்னலில் முகத்தை ஒட்டி வைத்து அசைத்துக்கொண்டே இருந்தார்.

போன வருஷம் கம்பெனி அப்பாவை மறுபடியும் அங்கே கூப்பிட்டது. அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டா. தனியாகப் போனார். முதலில் போனில் சண்டை… பிறகு சண்டைகூட இல்லை.

போன கிழமை எனக்கு மட்டும் ஒரு மெசேஜ். "டிக்கெட் எடுத்திட்டன். எல்லாம் சரி வந்தால் சனிக்கிழமை பின்னேரம் சூரிச்சில நிப்பன். அம்மாட்டயும் சொல்லு."

நாளைக்குத்தான் சனிக்கிழமை. இரவுச் சாப்பாட்டில் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "அம்மா, நாளைக்கு எயார்போர்ட்டுக்குப் போவமோ?"

"வந்தால் வீட்டுக்கு வழி தெரியும்தானே" என்றா. சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு, கழுவக் குசினிக்குப் போய்விட்டா.

வாசலில் ஒரு முகம் வேண்டும் என்று சொன்ன அதே அம்மா.

இப்போது அவ பக்கத்து அறையில். போன் வெளிச்சத்தைக் குறைத்து, போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். அங்கே விடிந்திருக்கும். வருவதென்றால் அப்பா அந்தக் கடலோர ரோட்டால் பஸ்ஸில் போய், டோக்கியோவுக்கு முதல் பிளேனில் ஏறியிருக்க வேண்டும். "வெளிக்கிட்டியளோ?" என்று கேட்டிருக்கிறேன். ஒற்றைச் சரி அடையாளம் மட்டும்தான் விழுந்திருக்கிறது, இன்னும் அவரிடம் போய்ச் சேரவில்லை. பிளேனில் இருக்கிறாரோ… போனை நிறுத்திவிட்டுப் படுத்திருக்கிறாரோ…

இங்கே எதுவும் யாருக்காகவும் நிற்பதில்லை. பாடன் ஸ்டேஷனில் ஓடி வருபவரைப் பார்த்துக்கொண்டே ரயில் கதவு மூடும். நேரம் என்றால் நேரம். முன்பு அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

நாளைக்கு நான் தனியாகப் போகிறேன். உங்கள் அம்மாமாரிடம் தயவுசெய்து சொல்லிவிட வேண்டாம். சூரிச்சில் சோளச் சூப் மெஷின் கிடையாது, கையைக் கோட்டுக்குள் வைத்துக்கொள்வேன். அந்தக் கதவுக்கு நேரே, அவருக்குத் தெரிகிற இடத்தில் நிற்பேன்.

வந்தால், அவரோடு வீட்டுக்கு வருவேன்.

வராவிட்டால், வரமாட்டார் என்று தெரிந்த பிறகு.