மாமியார் மிஸ் சொன்ன ஒரு பொய்

எங்கள் ஆபீஸில் அந்த அக்காவுக்கு 'மாமியார் மிஸ்' என்று பெயர். ஐம்பது வயது வரை கல்யாணமே பண்ணிக்கொள்ளாத ஒருவருக்கு இந்தப் பட்டம் வந்ததற்குக் காரணம் அவர் பார்த்த வேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை மூன்று மாதம் வெளிநாட்டில் ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கிப் படிக்க அனுப்புவது எங்கள் தொழில். அனுப்புவதற்கு முன்னால் ஆறு சனிக்கிழமை அக்காவிடம் வகுப்பு. அந்த வெளிநாட்டு வீட்டுக்கார அம்மாவாக அவரே நடிப்பார். நடிப்பு என்றா சொன்னேன்? ஈரத் துண்டைக் கட்டிலில் போட்ட பிள்ளையை அவர் பார்க்கிற பார்வைக்கு நிஜ மாமியாரே தேவலை.

நான் முன் மேசையில் உட்கார்ந்து விண்ணப்பங்களைச் சரிபார்த்து அடுக்குகிறவன். பிள்ளைகளுக்கு நான் ஸ்டேப்ளர் அண்ணன். எனக்கும் வகுப்பறைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அதற்குள் ஒரு கட்டில், ஓடாத ஒரு பிரிட்ஜ், கொடிக்கயிற்றில் தொங்கும் பிளாஸ்டிக் குளியல் திரை. திரையைத் தொட்டிக்கு உள்பக்கம் விடு, வெளிப்பக்கம் விட்டால் தண்ணீர் கீழ்மாடிக்கு ஒழுகும் என்று பதினோரு வருடம் அவர் கத்தியதைக் கேட்டு எனக்கே மனப்பாடம். இத்தனைக்கும் அக்கா விமானத்தில் காலெடுத்து வைத்ததில்லை. திரும்பி வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் உட்கார வைத்து, துருவித் துருவிக் கேட்டு, நோட்டில் எழுதிச் சேர்த்த படிப்பு அது.

"மிஸ், பசிச்சா என்ன பண்றது?" என்று யாராவது கேட்பார்கள்.

"பசிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்லு. உன் மூஞ்சியைப் பார்த்துக் கண்டுபிடிக்க அவங்க உன்னைப் பெத்தவங்களா? ஒரு தடவைதான் கேட்பாங்க. நீ வேணாம்னு பிகு பண்ணினா, தட்டை எடுத்து வச்சிட்டுப் போயிட்டே இருப்பாங்க."

கடைசி சனிக்கிழமை மட்டும் அவர் குரலை இறக்கிக்கொள்வார். ஒவ்வொரு வருடமும் ஒரே பேச்சு. "வீட்டுக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் பேசுங்க. தினம் பேசினா தினம் அழுவீங்க. இன்னொண்ணு. உங்க வீட்டுல உங்ககிட்ட நல்லதை மட்டும்தான் சொல்லுவாங்க. யாருக்காவது உடம்பு முடியலைன்னா மறைச்சிடுவாங்க. அது பாசம், கோவிச்சுக்காதீங்க. ஆனா மனசுல சந்தேகம் வந்தா என்னைக் கூப்பிடுங்க. நான் உள்ளதைச் சொல்லுவேன்."

பிள்ளைகள் அதை நம்பினார்கள். நம்பும்படிதான் அவரும் இருந்தார். பாட்டி செத்துப்போனதை ஒரு பையனிடம் வீட்டில் மறைத்தபோது, அவன் கேட்டதும் அக்கா உள்ளதைச் சொன்னார். அவனுடைய அப்பா ஆபீஸுக்கே வந்து குதி குதியென்று குதித்தார். "உங்க பையன் என்னைக் கேட்டான் சார், நீங்க கேட்கலையே" என்று பதில் சொல்லி அக்கா அவரை அனுப்பிவைத்தார்.

அப்பேர்ப்பட்டவர்தான்.

அந்த வருடம் வந்தவர்களில் ஒரு பெண். பதினாறு வயது. அவளுடைய அப்பா லிப்ட் மெக்கானிக். பெற்றோர் ஒரு நாள் வந்தால் போதும் என்றாலும் இந்த மனிதர் ஆறு சனிக்கிழமையும் கிரீஸ் கறை படிந்த சட்டையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மகள் எழுதுகிறாளோ இல்லையோ, அவர் எழுதினார். ஒரு நாள் கையைத் தூக்கி, "மிஸ், பாப்பா தூக்கத்துல போர்வையை உதைச்சித் தள்ளிடும். அங்க குளிராமே. அந்த அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. மகள் தலையைக் குனிந்துகொண்டு, "அப்பா, மானத்தை வாங்காதீங்க" என்றாள். அக்கா மட்டும் சிரிக்காமல், வீட்டுக்காரர்களுக்குப் போகிற கடிதத்தில் அவரையே அதையும் எழுதச் சொன்னார். அவர் எழுதினார். நான்தான் அதை வைத்து ஸ்டேப்ளர் அடித்தேன்.

அவள் போய் ஐந்தாவது வாரம் அந்த மனிதர் வேலை செய்கிற இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். புற்று கல்லீரல் முழுக்கப் பரவிவிட்டது, இனி நாள்கணக்குதான் என்றார்கள். சேதியைக் கொண்டுவந்தவர் அந்தப் பெண்ணின் தாய்மாமா.

"பாப்பாவுக்குத் தெரிய வேணாம் மிஸ். கடைசி வாரம் பரீட்சை இருக்கு, அதுல ஜெயிச்சாத்தான் மேற்கொண்டு அங்க படிக்கலாம். பாதியில வந்தா எல்லாம் போச்சு. அவ பெரிய படிப்பு படிக்கணும்கிறது மாப்பிள்ளையோட ஆசைதானே? அப்பா வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்கார், அங்க டவர் கிடைக்கலைன்னு சொல்லி வச்சிருக்கோம். உங்களுக்குத்தான் போன் பண்ணும். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

அக்கா முடியாது என்று சொல்லிவிட்டார். சரி, இதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் மனசு கேட்காமல் மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அவரைப் பார்க்கப் போனார். அங்கே போனதுதான் வினை. திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"என்னக்கா ஆச்சு?"

"அந்தப் பொண்ணோட அம்மா என் காலைப் பிடிச்சிட்டாங்கடா. காரிடார்ல, அத்தனை பேர் முன்னாடி. இவரும் போய், அவ படிப்பும் போனா நான் என்ன பண்ணுவேன் மிஸ்னு ஒரே அழுகை. நான் எழுப்பவும் முடியாம, தள்ளவும் முடியாம... சரின்னுட்டேன்."

"என்னது, சரின்னுட்டீங்களா?"

"ஆமான்னுதானே சொல்றேன்! போய் உன் வேலையைப் பாரு."

மறுநாள் காலை பத்தரைக்குப் போன் வந்தது. எடுத்ததும் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கா நின்றுகொண்டே பேசினார்.

"சொல்லும்மா... ஆமா... டவர் இல்லாத இடம்னு எனக்கும் சொன்னாங்க... ஏன் அழற? அழாதே." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சொல்வதையே கேட்டுக்கொண்டிருந்தார். "நான் என்ன பொய்யா சொல்லப்போறேன்? அப்பா நல்லா இருக்காரு. நீ நல்லாப் படி."

போனை வைத்துவிட்டு வகுப்பறைக்குள் போய் அந்த வெறுங்கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. என் வாய் நீளம் ஊரறிந்தது. வேறு எதற்கெல்லாமோ மூக்கை நுழைக்கிறவன், அன்றைக்குப் போனைப் பிடுங்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நம் வீட்டுச் சமாசாரமா என்று பேசாமல் இருந்துவிட்டேன். நானும் அதே சாதி மனுஷன்தான், யாரைக் குறை சொல்ல?

ஒன்பது நாள் கழித்து அவர் செத்துப்போனார். எடுக்கிறபோது நானும் அக்காவும் போயிருந்தோம். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அந்த அம்மா மகளிடம் அப்பா வேலையில் இருப்பதாகவே சொன்னாராம். அந்தப் பெண் அதற்கப்புறம் எங்களுக்குப் போன் பண்ணவே இல்லை. அக்காவே நல்லா இருக்காரு என்று சொன்ன பிறகு எதற்குப் பண்ணப்போகிறாள்?

பரீட்சையில் ஜெயித்துவிட்டு வந்தாள். வீட்டு வாசலில் வைத்துத்தான் சொன்னார்களாம். வந்த நான்காவது நாள் எங்கள் ஆபீஸ் படியேறி வந்தாள். சண்டை போடத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் தேவலை. அவள் அக்காவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் பேசினாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் ஒரு தாளைக்கூடப் புரட்டவில்லை.

"நான் உங்களுக்குப் போன் பண்ணினேனே மிஸ், அன்னிக்கு அந்த வீட்டு ஆன்ட்டி எனக்கு டிக்கெட் பார்த்துட்டாங்க. அதுக்கு முந்தின ராத்திரி பூரா நான் தூங்கலை, அதைப் பார்த்துட்டு அவங்களே கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்துட்டாங்க. மறுநாள் காலைல பிளைட். என் பேர், தேதி எல்லாம் போட்டாச்சு. 'எங்க மிஸ் பொய் சொல்ல மாட்டாங்க, அவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்'னு நான்தான் எழுந்து வந்து உங்களுக்குப் போட்டேன்."

அவள் அதே மெதுவான குரலில் தொடர்ந்தாள்.

"பேசிட்டு வந்து, அப்பா நல்லா இருக்காராம், டிக்கெட் வேணாம்னு நான்தான் சொன்னேன். அவங்க ரெண்டு தடவை கேட்டாங்க மிஸ். நீங்க ஒரு தடவைதான் கேட்பாங்கன்னு சொல்லுவீங்க. ரெண்டாவது தடவையும் நான் வேணாம்னுட்டேன்."

அந்த விமானத்தில் ஏறியிருந்தால் அவளுக்கு முழுசாக ஏழு நாள் கிடைத்திருக்கும்.

"அம்மா சொல்றாங்க, அப்பாவுக்கு அட்மிட் பண்ணின நாள்லேருந்து நினைவே இல்லையாம். யாரையும் தேடலையாம். நீங்க போய்ப் பார்த்தீங்கன்னு மாமா சொன்னாரு." அப்புறம் கேட்டாள். "அப்பா என்னைக் கேட்டாரா மிஸ்?"

கேட்டிருந்தாலும் சரி, இல்லைன்னு சொல்லுங்கக்கா என்று இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் மனசுக்குள் கெஞ்சினேன். எத்தனையோ பொய்க்கு நடுவில் இந்த ஒரு பொய்யால் யாருக்கு என்ன நஷ்டம்? சொல்லித் தொலைத்தால் அந்தப் பிள்ளை ராத்திரி தூங்கும். இன்றைக்கும் எனக்கு அந்த ஆத்திரம் தீரவில்லை.

"கேட்டாரும்மா," என்றார் அக்கா. "நல்ல நினைவோடதான் இருந்தாரு. பாப்பாவை ஒரு தடவை பார்க்கணும், வரச் சொல்லுங்க மிஸ்னு என்கிட்டதான் சொன்னாரு."

"என்னிக்கு?"

"நீ போன் பண்ணினதுக்கு முந்தின நாள்."

"அப்ப நான் கேட்டப்ப உங்களுக்கு எல்லாமே தெரியும்."

"தெரியும்மா."

நாற்காலி நகர்ந்தது. அந்தப் பெண் என் மேசையைத் தாண்டி, என்னைப் பார்க்காமல், படியிறங்கிப் போனாள்.