பூட்டக்காவின் ஃபோல்டர்

நாத்தனார் என்றாலே எல்லோரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். சரியாகத்தான் பார்க்கிறார்கள். எனக்கு இரண்டு அண்ணன்கள், அதனால் இரண்டு அண்ணிகள். அவர்களும் நானும் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறோம், ஒரே வீட்டில் சாப்பிடுகிறோம். இந்த நிலைமையில் நான் பாதி நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பதே பெரிய விஷயம்.

இது பெரிய அண்ணியின் கதை. முகத்துக்கு நேரே 'நீங்க'தான். எழுதும்போது 'அவள்' என்று வந்துவிடுகிறது. கம்பெனியில் அவளுக்குப் பெயர் பூட்டக்கா. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும்.

எங்களுடையது இரும்பையும் அலுமினியத்தையும் மெஷினில் வெட்டிப் பாகங்கள் செய்கிற இடம். கூடத்தில் மெஷின்கள் இரையும். ஓரமாக ஏசி போட்ட அறையில் புரோகிராமர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எந்தக் கருவி எந்த வழியாக என்ன வேகத்தில் போக வேண்டும் என்று கேம் (CAM) என்கிற சாஃப்ட்வேரில் அவர்கள் போட்டுக் கொடுப்பதைத்தான் மெஷின் செய்யும். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், முடிந்து வந்த பாகங்களை அளந்து பார்க்கிற அறை. அது என்னுடையது.

புரோகிராமர்கள் எல்லோருக்கும் பொதுவாக சர்வரில் ஒரு ஃபோல்டர் உண்டு. டூல் லைப்ரரி அதில்தான் இருக்கிறது. கம்பெனியில் உள்ள ஒவ்வொரு கருவியின் விட்டம், நீளம், அதைப் பிடிக்கிற ஹோல்டர், வேகம், எல்லாம் அந்த ஒரே கோப்பில். நீளம் ஒன்று தப்பானால் மெஷினில் கருவி போய் முட்டும். ஒருமுறை முட்டியது. எவனோ ஒருத்தன் தன் வேலை சுலபமாகட்டும் என்று ஒரு எண்ணை மாற்றிவிட்டுப் போக, கருவியைச் சுழற்றுகிற ஸ்பிண்டில், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸின் மேல் நேராக இறங்கியது. அந்தச் சத்தத்துக்கு அப்புறம் மேனேஜர் எல்லோரிடமிருந்தும் அதில் மாற்றி எழுதும் உரிமையைப் பிடுங்கி அண்ணி ஒருத்தியிடம் கொடுத்தார். மற்றவர்கள் ஃபோல்டரைத் திறந்து பார்க்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம். எழுதுவதற்கு மட்டும் பூட்டு. எழுத வேண்டுமானால் பூட்டக்காவிடம் போய் நிற்க வேண்டும்.

நிற்பவர்களை அவள் சும்மா விடமாட்டாள். "அளந்தியா? நீயே அளந்தியா, இல்ல யாராவது சொன்னாங்களா?" என்று போலீஸ் மாதிரி கேட்பாள். "முதல்ல காப்பி, அப்புறம் ஓப்பன்" என்பது அவள் மந்திரம். எந்தக் கோப்பையும் நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். அண்ணனையே காப்பி எடுத்து வைத்துவிட்டுத்தான் கல்யாணம் பண்ணிக்கொண்டாள் என்று ஆபீஸில் கிண்டல் செய்வார்கள். ஒருத்தனையே தாங்க முடியவில்லை, இரண்டா என்பேன் நான்.

ஆனால் அந்தப் பூட்டு அவளுக்கு உயிர். ஜுரத்தில் படுத்திருக்கும்போதும் ஃபோன் வரும். போர்வைக்குள்ளிருந்து பதில் சொல்வாள். சலித்துக்கொண்டே சொல்வாள், முகத்தில் மட்டும் ஒரு பெருமை இருக்கும். ஊர் உலகமே அந்த ஃபோல்டரின் மேல் கண் வைத்திருக்கிறது என்பது அவள் எண்ணம்.

அப்புறம் சின்ன அண்ணி வந்தாள். அவளும் புரோகிராமர். பெரிய அண்ணியே மேனேஜரிடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். வந்தவளுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு. பீரோவைத் திறந்தால் மூடமாட்டாள், கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போவாள். ஆனாலும் எல்லோருக்கும் அவளைப் பிடித்துப்போனது. "சின்னவ சிரிச்சா வீடே வெளிச்சமா இருக்கு" என்றாள் எங்கள் அம்மா, பெரிய அண்ணி எடுத்துக் கொடுத்த மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டே. அம்மாவின் மாத்திரைகளை வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்கிறவள் பெரிய அண்ணிதான். அவள் தண்ணீர் டம்ளரை வைத்த சத்தம் அடுத்த அறைவரை கேட்டது.

இந்த நேரம் பார்த்து சாஃப்ட்வேரின் புது வெர்ஷன் வந்தது. புது வெர்ஷன் வருவது வீடு மாறுகிற மாதிரி. பொதுக் கோப்புகளை எல்லாம் மாற்றி அடுக்கிய பிறகு, எல்லோரும் ஒரே நாளில் குடிபோக வேண்டும். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. பழைய கோப்பைப் புது வெர்ஷன் திறக்கும். ஆனால் புதியதில் சேமித்துவிட்டால் அதைப் பழைய வெர்ஷன் சீந்தாது. அதனால் பழைய ஃபோல்டரைத் தொடாமல் பக்கத்தில் ஒரு புது ஃபோல்டர் போட்டு, காப்பிகளை அங்கே வைத்து மாற்ற வேண்டும். அதுவரை புது வெர்ஷன் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் இருக்கும். அது தன் கம்ப்யூட்டர் என்பதில் அண்ணிக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

மேனேஜர் அவளை அழைத்துச் சொன்னார்: "உங்க ஓரகத்திக்கு இந்த வெர்ஷன் ஏற்கெனவே பழக்கமாம், முன்னாடி இருந்த இடத்துலயே பாத்திருக்காங்க. அவங்களே பண்ணட்டும். எழுதுற உரிமையை அவங்களுக்கும் குடுத்துடுறேன்."

'அவங்களுக்கும்.' அந்த ஒரு 'உம்'தான் அண்ணியைக் கொன்றது.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. காய் நறுக்கிக்கொண்டே பெரிய அண்ணனிடம் பொரிந்தாள். "அவங்களுக்கும்னா என்ன அர்த்தம்? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"ஒரு ஃபோல்டர்தானே, விடேன்" என்றான் அண்ணன்.

"ஓ, ஒரு ஃபோல்டர்தான். உங்க பைக் சாவியை உங்க தம்பிகிட்ட குடுத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

அண்ணன் டிவியின் சத்தத்தைக் கூட்டினான். சின்ன அண்ணி உள்ளே வந்து, "அக்கா, நான் நறுக்கட்டுமா?" என்று கேட்டாள். "அதையும் எடுத்துக்கோ" என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போனாள் பெரியவள். 'அதையும்'. உம்முக்கு உம்.

அதன்பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வெளிப்படையாகச் சொல்கிறேன், அது பொறாமைதான். வேலை கெட்டுப்போகுமே என்ற கவலை என்று அவளே சொல்லிப் பார்த்தாள். நான் நம்பவில்லை, அவளும் நம்பவில்லை. சின்ன அண்ணியின் கம்ப்யூட்டர் பக்கம் யாராவது போய் நின்றால் இவள் கழுத்து தானாகத் திரும்பும். அவர்கள் சிரித்தால் இவள் கீபோர்டு படபடக்கும். சின்னவள் ஏதாவது ஒரு தப்புப் பண்ண வேண்டும், ஒரே ஒரு தப்பு. அதுதான் அவள் வேண்டுதல்.

ஒருநாள் சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் எழுந்து போனார்கள். பெரிய அண்ணி மட்டும் ஏதோ வேலை இருப்பதுபோல உட்கார்ந்திருந்தாள். கையில் இருந்த பாகத்தை அளந்துவிட்டுப் போகலாம் என்று நானும் இருந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால், அவள் எழுந்து போய்ச் சின்னவளின் நாற்காலியில் உட்காருகிறாள். கம்ப்யூட்டர் வழக்கம்போலத் திறந்தே கிடக்கிறது.

அங்கே என்ன நடந்தது என்பதை அப்புறம் அவள் வாயாலேயே கேட்டேன். முதலில் புது ஃபோல்டரில் இருந்த டூல் லைப்ரரியைத் திறந்து குறை தேடினாள். கருவி கருவியாகப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. அதுதான் எரிந்தது. எங்கேயாவது ஒரு எண் மாறியிருக்காதா, பழையதோடு வைத்துப் பார்த்துவிடலாம் என்று அதே புது வெர்ஷனிலேயே பழைய ஃபோல்டரின் கோப்பையும் திறந்தாள். 'இது பழைய வெர்ஷன் கோப்பு, மாற்றிக்கொள்ளவா?' என்று திரை கேட்டது. அந்த நேரம் பார்த்துத் தரை துடைக்கிற ஆயா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வர, பதறியவள் 'சரி' என்று அழுத்திவிட்டாள். பழைய கோப்பு இருந்த இடத்திலேயே புது வெர்ஷனாக மாறிவிட்டது. காப்பி எடுக்கவில்லை. கம்பெனிக்கே பாடம் எடுத்தவள், எடுக்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் வேலையைத் தொடங்கியதும் கூச்சல் கிளம்பியது. ஒருவருக்கும் டூல் லைப்ரரி திறக்கவில்லை. 'இந்தக் கோப்பு உங்களுடையதைவிடப் புதியது' என்று ஒவ்வொரு திரையிலும் ஒரே பதில். வெளியே மெஷின்காரர்கள் புரோகிராம் எங்கே என்று கேட்டு வாசலில் கூடிவிட்டார்கள். மேனேஜர் வந்தார். கடைசியாகச் சேமித்தது யார் என்று பார்த்தார்கள். சின்ன அண்ணியின் பெயரைக் காட்டியது.

பெரிய அண்ணிக்கு முகத்தில் ரத்தமே இல்லை. சின்ன அண்ணி திரையைப் பார்த்தாள். சேமித்த நேரத்தைப் பார்த்தாள். தன் நாற்காலியைப் பார்த்தாள். அவள் உயரத்துக்குத் தாழ்த்தி வைத்திருந்தது இப்போது உயர்ந்திருந்தது. பிறகு சொன்னாள்: "நான்தான் சார். காப்பி எடுக்காம திறந்துட்டேன். ஆனா வேலைய ஆரம்பிக்கறப்பவே பழைய ஃபோல்டர் முழுசையும் காப்பி எடுத்து வெச்சிருக்கேன், அக்கா எப்பவும் சொல்வாங்க இல்ல. இதோ போட்டுடுறேன்." டீ ஆறுவதற்குள் எல்லாம் பழையபடி ஓட ஆரம்பித்துவிட்டது. நடுவில் திருத்திய சில எண்களை மட்டும் மறுபடி அடிக்க வேண்டியிருந்தது.

மேனேஜர் உருகிவிட்டார். "தப்பு யாரும் பண்ணலாம். நான்தான்னு முன்னாடி வந்து சொல்ற மனசு எத்தனை பேருக்கு இருக்கு?" என்றார். ஒருவர் கைதட்டினார்.

பெரிய அண்ணி அதுவரை தப்பித்தோம் என்றுதான் இருந்தாள். கைதட்டல் கேட்டதும் அவளால் பொறுக்க முடியவில்லை. தான் பண்ணின தப்புக்குக்கூட அவளுக்கா பாராட்டு? விருட்டென்று எழுந்தாள்.

"அது அவ பண்ணல. நான் பண்ணேன்."

மேனேஜர் அவளைப் பார்த்த பார்வையில் மரியாதை பொங்கி வழிந்தது. "ஓரகத்திய விட்டுக் குடுக்கக் கூடாதுன்னு நினைக்கிறீங்க. பெரிய மனசும்மா உங்களுக்கு."

"மனசும் இல்ல, மண்ணும் இல்ல! நான்தான் அழுத்தினேன்!"

"பூட்டக்காவாவது, காப்பி எடுக்காம திறக்கிறதாவது" என்று பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார்.

அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பி என்னைக் கை காட்டினாள். "இவ பாத்தா. நீ சொல்லுடி!"

நான் வாசலுக்கு வந்து, "ஆமா சார், பெரிய அண்ணிதான் அங்க உக்காந்திருந்தாங்க" என்றேன். சத்தியமாக உண்மையைத்தான் சொன்னேன்.

"பாருங்கய்யா," என்றார் மேனேஜர் எல்லோரிடமும், "நாத்தனார்கூட சேந்துக்கிட்டு சின்னவளக் காப்பாத்துறாங்க. குடும்பம்னா இப்படி இருக்கணும்." அவ்வளவுதான், கூட்டம் கலைந்தது.

சாயங்காலம் மூன்று பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். பெரிய அண்ணி நடுவழியில் நின்றுவிட்டாள்.

"எதுக்கு உன் தலையில போட்டுக்கிட்ட? என்னை ஏளனம் பண்ணவா?"

"ஐயோ, இல்லக்கா" என்று சிரித்தாள் சின்னவள். "உங்க மேல போனா சார் பூட்டை உங்ககிட்டருந்து வாங்கி என் தலையில கட்டிடுவாரு. எனக்கு வேணாம் சாமி. லீவு நாள்லயும் ஃபோன், சாப்பிடும்போதும் ஃபோன். இந்த வேலை முடிஞ்ச அன்னைக்கே என் உரிமையை எடுத்துடணும்னு முதல் நாளே அவருகிட்ட சொல்லிட்டேன்."

"வேணாமா?"

"வேணாம்க்கா."

"ஏன், அதுல என்ன குறைச்சல்?" அண்ணியின் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"குறைச்சல்லாம் ஒண்ணும் இல்லக்கா. நீங்க நல்லா பாத்துக்கிறீங்க, நீங்களே வெச்சுக்கங்க." ஒரு வஞ்சகமும் இல்லாமல்தான் சொன்னாள். பஸ் தூரத்தில் தெரிய, கையைக் காட்டிக்கொண்டு முன்னால் ஓடினாள்.

பெரிய அண்ணி ஓடவில்லை. இத்தனை வருஷம் எதைக் கட்டிக் காத்தாளோ அதை ஒருத்தி வேண்டாம் என்று சிரித்துவிட்டுப் போகிறாள். இதைவிட அவள் பிடுங்கிக்கொண்டிருந்தால்கூட அண்ணி தாங்கியிருப்பாள்.

"ஏண்டி," என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள், "ஆபீஸ்ல ஒருத்தருக்குக்கூட அது மேல ஆசை இருந்ததே இல்லையா?"

நாக்கு நுனியில் ஒரு நக்கல் வந்தது. விழுங்கிவிட்டேன். எனக்கு அந்த சாஃப்ட்வேரை எந்தப் பக்கம் திறப்பது என்றுகூடத் தெரியாது.

"எனக்கு இருக்கு அண்ணி" என்றேன். "ரொம்ப நாளா."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணில் சந்தேகம் வந்தது, கூடவே உயிரும் வந்தது. "உனக்கா? உனக்கு எதுக்கு அது? கிட்ட வந்துடாத, சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு, என்னை முந்திக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.

மறுநாள் வந்ததும் முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றினாள். திரையைத் தோளால் மறைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக என்னை முறைத்துக்கொண்டே. அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டாள்.