ஏலம் ஏலத்துக்குப் போனது

போடியில் ஏலம் என்றால் இரண்டு. மலையில் காய்க்கிறதும் ஏலம்தான், அதைக் கொண்டுபோய் விலை கூறி விற்கிறதும் ஏலம்தான். வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள். எங்களுக்கு அந்தக் குழப்பம் வந்ததே இல்லை. "ஏலம் ஏலத்துக்குப் போயிருச்சா?" என்று கேட்டால் பச்சைப்பிள்ளைகூடப் பதில் சொல்லும். அந்தக் குழப்பம் வராமல் போனதால்தான் நான் பெற்ற பிள்ளைக்கும் எனக்கும் இருந்த ஒரே வழி அடைபட்டது. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

எங்களுக்குப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஓர் ஏலத்தோட்டம். வீடும், காயைத் தரம் பிரிக்கிற கொட்டகையும் போடியில். என் வீட்டுக்காரர் காயை ஏல மையத்தில் போட்டு விற்பார். அவருடைய அப்பாவும் அப்படித்தான் விற்றார். எங்கள் ஒரே மகன் கல்லூரி முடித்து வந்ததும், "நாமளே பொட்டலம் போட்டு நேரா விப்போம்மா, வெப்சைட்டு போடுவோம்" என்றான். அதற்கு முதலில் ஒரு பெயர் வாங்க வேண்டும் என்றான். பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள், கடைக்குப் பெயர் வைப்பார்கள், பெயரைக் காசு கொடுத்தும் வாங்குவார்கள் என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். அதுவும் சொந்தமாக இல்லையாம். வாடகை மாதிரியாம். தவணை முடிவதற்குள் புதுப்பிக்காவிட்டால் போய்விடுமாம்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடையும் கம்ப்யூட்டர் சென்டருமாக ஒரு பாய் வைத்திருக்கிறார். மகனும் நானும் அங்கே போய் உட்கார்ந்து பெயர் தேடினோம். என் மாமனார் பெயரைத் தட்டினான். அது எந்த நாட்டிலோ எவனோ வைத்திருந்தான். போடியையும் ஏலத்தையும் சேர்த்துத் தட்டினான். அதுவும் போயிருந்தது. மலை, பச்சை, காய், மணம் என்று என்னென்னவோ போட்டுப் பார்த்தான். எல்லாவற்றையும் முன்னாலேயே யாரோ எடுத்து வைத்திருந்தார்கள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, என் பெயரைப் போட்டுப் பின்னால் ஏலத்தை ஒட்டினான். என் பெயரில் ஒரு நெடில் உண்டு. அதற்கு இங்கிலீஷில் ஒரு 'ஏ' போட்டால் எவளோ வைத்திருந்தாள். இரண்டு 'ஏ' போட்டதும் பச்சை டிக் விழுந்தது.

"ஒலகத்துலயே இந்தப் பேரு ஒருத்திக்குத்தாம்மா. அது நீதான்" என்றான்.

என் பெயர் அதுவரைக்கும் கல்யாணப் பத்திரிகையிலும் ரேஷன் கார்டிலும் மட்டும்தான் அச்சில் வந்திருந்தது. எனக்கு ஒரே பெருமை. அதை மறைக்கவும் இல்லை. வீட்டுக்கு நடந்து வரும்போதே எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன்.

என் வீட்டுக்காரருக்குத்தான் ஆகவில்லை. "பொம்பள பேரை ஊரெல்லாம் பரப்பிக்கிட்டுத் திரியணுமாக்கும்" என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது அப்பனுக்கும் மகனுக்கும். இவர் கிழக்கே என்றால் அவன் மேற்கே என்பான். ஒரு வருஷம் மழை விடாமல் பிடித்துத் தோட்டமெல்லாம் அழுகல் விழுந்தது. பொட்டலம் போட்டு விற்கக் காய் இல்லை. அந்த எரிச்சலில், கொட்டகையில் காய் பொறுக்குகிற பொம்பளைகள் முன்னால் வைத்து, "ஆத்தா பேரை வித்துப் பொழைக்கிற பய" என்று சொல்லிவிட்டார். சொல்லக்கூடாத வார்த்தை. மகன் துணிமணியை எடுத்துப் பையில் திணித்தான். அன்றைக்கே பஸ் ஏறிவிட்டான்.

போன பிறகு இரண்டு தடவை எனக்குப் போன் செய்தான். இரண்டு தடவையும் நான் அழுத அழுகையில் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. "இனி எழுதறேன்மா. எழுதினா நீ அழறது எனக்குக் கேக்காது" என்றான். அதற்குப் பிறகு அந்த நம்பரே இல்லாமல் போனது. ஆனால் சொன்ன மாதிரி எழுதினான். வெப்சைட் போட்ட காலத்திலேயே இரண்டு மெயில் பெட்டி வைத்திருந்தான். ஒன்று கடைக்கு. இன்னொன்று எனக்கு. 'அம்மா' என்று போட்டு, அந்தச் சுழிக்குறிக்குப் பின்னால் நாங்கள் வாங்கின பெயர். அதுதான் என் முகவரி. கொட்டகையில் இருக்கிற கம்ப்யூட்டரில் அதை எப்படித் திறப்பது, எந்த அம்புக்குறியை அழுத்தினால் பதில் போகும் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தான். அவனுடைய முகவரி எழுத்தும் எண்ணுமாக ஏதோ நீளமாக இருக்கும். நான் அதைப் பார்த்ததே கிடையாது. அம்புக்குறியை அழுத்தினால் அதுவாகப் போய்விடும்போது எதற்குப் பார்க்க வேண்டும்?

நாலு வரிதான் எழுதுவான். எந்த ஊர் என்று எழுத மாட்டான். மெட்டில் மழையா, உனக்கு முழங்கால் வலி எப்படி, அவ்வளவுதான். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. நானும் வம்பு வேண்டாமென்று எழுத மாட்டேன். வீட்டுக்காரருக்கு அவன் எழுதுவது தெரியும். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அவர் வெளியே போய் நின்றுகொள்வார். நான் எழுந்து வந்ததும் என் முகத்தைப் பார்ப்பார். வாயைத் திறந்து கேட்டால் கௌரவம் குறைந்துவிடும் அல்லவா!

போன மாசிக்கு முன்னால் ஒரு மெயில் வந்தது. கூட வேலை பார்க்கிற பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன், நீ வருவியாம்மா, தேதி முடிவானதும் எழுதறேன், அப்பாவும் வந்தா வரட்டும் என்று எழுதியிருந்தான். அப்பாவும் வந்தா வரட்டும். அந்த வரியை நான் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "வேட்டி நல்லதா ஒண்ணு எடுக்கணும்" என்று மட்டும் சொன்னார். நான் அம்புக்குறியை அழுத்தி, "வர்றோம் அப்பு. ரெண்டு பேரும் வர்றோம். வெரசா தேதி எழுது" என்று அனுப்பினேன்.

தேதி வரவில்லை. ஒரு நாள் காலையில் பெட்டியைத் திறந்தால் திறக்கவில்லை. நான்தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டேன் என்று மறுபடி மறுபடி தட்டினேன். பிறகு எங்கள் வெப்சைட்டையே தட்டிப் பார்த்தேன். ஏலக்காய்ப் படம் இருந்த இடத்தில் சீட்டுக்கட்டு. பணம் வைத்து ரம்மி ஆடக் கூப்பிடுகிறான். என் பெயரைத் தட்டினால் சூதாட்டம். உடம்பெல்லாம் கூசிப்போனது.

கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடினேன். பாய் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி சேத்துக் கட்டுன தவணை முடிஞ்சு போச்சுக்கா. புதுப்பிக்கல. பேரை ஏலத்துல விட்டு, வேற எவனோ எடுத்துட்டான். முன்னாடியே மெயில் வந்துருக்குமே, பாக்கலையா?" என்றார்.

கடைப் பெட்டிக்கு வந்திருக்கிறது. மகன் போன பிறகு அதைத் தினமும் பார்ப்பது என் வீட்டுக்காரர். வீட்டுக்கு வந்து கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"வந்துச்சு. நாலஞ்சு தடவ வந்துச்சு. நம்ம ஏலம் ஆக்சனுக்குப் போகுதுன்னு இங்கிலீசுல போட்டுருந்துச்சு. நம்ம ஏலம் தெனமும் ஆக்சனுக்குப் போறதுதான? அழிச்சுட்டேன்."

"அழிச்சுட்டீகளா?"

"ஏல மையத்துலருந்து தெனம் பத்து வருது, அத்தனையும் அழிக்கத்தான் செய்றேன். இது வேறன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் பேசின பேச்சு தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். புத்தி இருக்கிறதா என்றேன், கண் இருக்கிறதா என்றேன், பெற்ற பிள்ளையை வாயால் ஒரு தடவை விரட்டினது போதாதென்று கையால் ஒரு தடவை விரட்டினீர்களா என்றேன். அவர் காய் மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். கத்தி ஓய்ந்த பிறகு எனக்கே தோன்றியது. அந்த மெயில் என் கண்ணில் பட்டிருந்தாலும் நானும் அழித்திருப்பேன். எங்கள் பெயரோடு ஏலம், அதன் பக்கத்தில் இன்னொரு ஏலம், ஒரு தேதி. போடியில் எவன்தான் அதைப் பார்த்துப் பதறுவான்?

பெயர் விற்ற கம்பெனிக்குப் பாய் போன் போட்டுக் கொடுத்தார். முதலில் இந்தி, அப்புறம் இங்கிலீஷ், கடைசியில் தமிழ் தெரிந்த ஒரு பெண் வந்தாள். நல்ல பெண்தான். பொறுமையாகக் கேட்டாள்.

"பேர் யாரு பதிவு பண்ணாங்களோ அவங்களைப் பேசச் சொல்லுங்கம்மா" என்றாள்.

"அவனைக் காணாமத்தான தாயி நான் பேசிக்கிட்டு இருக்கேன்."

"அவங்க இல்லாம எந்த விவரமும் தர முடியாதும்மா."

பெட்டியில் இருந்த பழைய மெயிலையாவது எடுத்துத் தர முடியுமா, அதில் அவன் முகவரி இருக்கிறது என்று கேட்டேன். பெயர் போனதோடு பெட்டியும் போய்விட்டது, எதுவும் மிச்சமில்லை என்றாள். அவன் எழுதின அத்தனையும் போனது. அம்புக்குறியை நம்பி ஓர் எழுத்தைக்கூட நான் மனசில் வைத்திருக்கவில்லை. அவனுடைய கூட்டாளிகள் வீட்டுக்குப் போனேன். சிலமலையில் ஒருவன், தேவாரத்தில் ஒருவன். எவனுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் காபி கொடுத்து அனுப்பினார்கள்.

அதற்கப்புறம் நான் செய்தது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும். எங்கள் பெயரைப் போலவே இருக்கிற பெயர்களை வாங்க ஆரம்பித்தேன். 'ஏ' மூன்று போட்டது ஒன்று. ஏலத்துக்கு முன்னால் ஒரு 'ஒய்' போட்டது ஒன்று. 'எல்' இரண்டு போட்டது ஒன்று. அதை வாசித்தால் 'ஏலம்' 'எல்லாம்' ஆகிவிடுகிறது, ஆனாலும் வாங்கினேன். ஒவ்வொன்றிலும் 'அம்மா' என்று ஒரு பெட்டி வைக்கச் சொன்னேன். அவன் என்றைக்காவது அவசரத்தில் ஓர் எழுத்தைத் தப்பாகத் தட்டினால் என்னிடம் வந்துவிடுமே. ஊரில் தாய்மார்கள் பிள்ளை பிழையில்லாமல் எழுத வேண்டும் என்று கும்பிடுவார்கள். நான் ஒரு பிழை வேண்டும் என்று கும்பிட்டேன்.

பாய் ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னார், "அக்கா, தம்பி ஒவ்வொரு தடவையும் முழுசாத் தட்ட மாட்டாப்ல. முதல் எழுத்த போட்டாலே பழைய முகவரிய மிசினே எடுத்துக் குடுத்துரும். தப்பு வராதுக்கா."

என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. உடனே இன்னொன்று சொன்னார். "ஆனா ஒண்ணுக்கா. போய்ச் சேர எடமில்லேன்னா அனுப்புனவருக்கே திரும்பி வந்துரும். இப்படி ஒரு முகவரி இல்லேன்னு தம்பிக்கே தெரிஞ்சிருக்கும். ஏதோ கோளாறுன்னு புரிஞ்சுக்கிட்டு அவரே வேற வழியில தேடுவாப்ல."

எனக்கு மூச்சு வந்தது. ஏனென்றால் நான் பயந்ததே வேறு. எங்கள் பக்கம் சம்பந்தம் பேச வந்தவர்களிடம் வேண்டாம் என்று வாயால் சொல்கிற வழக்கம் கிடையாது. "கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்போம். அப்புறம் சொல்லி அனுப்ப மாட்டோம். வந்தவர்களும் புரிந்துகொண்டு விட்டுவிடுவார்கள். மறுபடி வந்து கேட்டால் மானக்கேடு. என் மகனும் இந்த வழக்கத்தில் வளர்ந்தவன்தான். வர்றோம் என்று சொன்ன அம்மாவிடமிருந்து, தேதி எழுதியும் பதில் வராமல் இருந்தால் அவன் என்ன நினைப்பான் என்று எண்ணித்தான் எனக்குச் சோறு இறங்காமல் இருந்தது. எழுதினது அவனிடமே திரும்பிப் போயிருந்தால் அந்தப் பழி என்மேல் இல்லை.

"சோதிச்சுப் பாப்போம்க்கா" என்று பாயே என் புது முகவரியிலிருந்து அந்தப் பழைய 'அம்மா' முகவரிக்கு ஒன்று அனுப்பச் சொன்னார். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. "சாப்டியா அப்பு" என்று எழுதி அனுப்பினேன். எனக்கு நானே. கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடும் என்றார். உட்கார்ந்திருந்தேன். அவர் ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுப்பதும், யாருக்கோ விண்ணப்பம் போடுவதுமாக இருந்தார். இடையிடையே வந்து பார்த்தார். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். திரும்பி வரவில்லை. பாய் எதையெதையோ திறந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"வாங்கினவன் பெட்டி வாயைத் தொறந்து போட்டுருக்கான்க்கா. அந்தப் பேருக்கு எது வந்தாலும் உள்ள வாங்கிக்கிரும். யாரும் படிக்க மாட்டாங்க. ஆனா திரும்பாது."

வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் கொட்டகை வாசலிலேயே நின்றிருந்தார். அவருக்கும் சொல்லியிருந்தேன், திரும்பி வந்தால் நல்லது என்று.

"திரும்பி வந்துச்சா?"

"வரல."

"வரலேன்னா?"

"போய்ச் சேந்துருச்சுன்னு அர்த்தம். அவன் எழுதினதும் போய்ச் சேந்துருச்சு. நம்மதான் ஒண்ணும் சொல்லி அனுப்பல."

அவருக்குப் புரிந்துவிட்டது. மகனைக் கேட்டு வந்த எத்தனையோ சம்பந்தத்தை அவரே அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஊர் வழக்கப்படி, எங்கள் பிள்ளையின் கல்யாணத்துக்கு நாங்கள் வேண்டாம் என்று சொல்லியாயிற்று.